லிஃப்ட் நிறுத்தும் நேரம்

பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்துவிட்டு நிற்பவர்களை எனக்குப் பிடிக்காது. அதற்காக அவர்களை ஒன்றும் செய்ததில்லை, பார்ப்பேன், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதி உறவுக்காரர்கள் நம் வீட்டுக்கு வருவதில்லை என்பாள் என் மனைவி. ஆள் வராவிட்டால் தண்ணீரும் மிச்சம்தானே என்பேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

லிஃப்டுக்குள் இருக்கும் அபாய மணியின் பேட்டரி எங்கே போயிற்று என்று கேட்கத்தான் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்திருக்கிறீர்கள். கழற்றியது நான்தான். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் எதையும் பாதி உபயோகித்துவிட்டுத் தூக்கிப் போடுவது எனக்கு ஆகாது. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் குளித்த தண்ணீர் செடிக்குப் போகும். பால் உறைகளைக் கழுவிக் கொடியில் காயப்போடுவேன். தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டில் கைக்குழந்தை இருப்பதாகத் தோன்றும். பழைய டயரில் தைத்த செருப்புதான் போடுவேன். நடந்தால், பழுதான வண்டியை யாரோ தள்ளிக்கொண்டு வருவதுபோல் சத்தம் வரும். இப்படிப்பட்டவனின் தலையில்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவி விழுந்தது. விழுந்தது என்கிறேனே தவிர, தலையை நீட்டிக்கொண்டு நின்றவன் நான்தான்.

முதலில் லிஃப்டுக்குள் இருந்த சின்ன மின்விசிறியைக் கழற்றினேன். உள்ளே யாரும் குடித்தனம் நடத்தப் போவதில்லை. பிறகு மணியின் பேட்டரி. யாரும் அடிக்காத மணிக்கு எதற்கு அந்த விஷப்பொருள்? அதன் பிறகு, எல்லோரும் வேலைக்குக் கிளம்பியதும் லிஃப்டையே நிறுத்திவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும்போது போட ஆரம்பித்தேன். அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். லிஃப்ட் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். படிக்கட்டில் நின்று மேலே பார்த்து, "லிஃப்ட் நிறுத்தப் போறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும்.

வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவன் நான். பகலில் கட்டிடத்தில் இருப்பது நானும், மேல்தளத்தில் தனியாக வசித்த ஓய்வுபெற்ற பல் டாக்டரும் மட்டும்தான். இதய நோயாளி. படி ஏறக் கூடாது, இறங்கவும் யோசிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே பகல் நேர நிறுத்தம் என்பது உண்மையில் அவர் ஒருவருக்கு மட்டும்தான். அது எனக்கு அப்போது தோன்றவில்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், மாலையிலும் லிஃப்டை நிறுத்தலாம் என்றேன். படியேறுவது பூமிக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது என்று கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். பல் டாக்டர் கையைத் தூக்கினார்.

"பூமிய அப்புறம் காப்பாத்திக்கலாம் தம்பி. மொதல்ல என்னைக் கொஞ்சம் விட்டு வைங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். நாங்க எல்லாரும் செத்துட்டா கரன்ட் இன்னும் மிச்சமாகுமே, அந்தத் திட்டம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

இதற்குச் சிரித்தவர்களில் என் மனைவியும் இருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். எனக்கு அது கேட்டது. அடுத்த கூட்டத்தில் செயலாளரை மாற்றலாம் என்று அவர் சொன்னபோது ஏழெட்டுத் தலைகள் ஆடின. நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் காலை எல்லோரும் போன பிறகு மின்பெட்டிக்குப் போனேன். லிஃப்ட் எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. குரலும் கொடுக்கவில்லை. யாருக்கும் நல்லது சொல்லும் மனநிலையில் நான் இல்லை. அணைத்தேன்.

மேலே எங்கோ உலோகக் கதவை உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. படியேறிப் போனேன். இரண்டாவது மாடிக்குச் சற்றுக் கீழே லிஃப்ட் நின்றிருந்தது.

"யாரு? யாராவது இருக்கீங்களா?"

நான் லிஃப்ட் கதவருகே போய் நின்றேன்.

"தம்பி, நீங்கதானே? அந்த டயர் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா. சுவிட்சப் போடுங்க தம்பி. மாத்திரை தீர்ந்து போச்சு, வாங்கத்தான் கிளம்பினேன். போனையும் மறந்து வச்சுட்டு வந்துட்டேன்."

நான் பேசவில்லை. மௌனமாக நிற்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே வரும். அதை எல்லோரும் பொறுமை என்று நினைப்பார்கள்.

"நேத்து பேசினத மனசுல வச்சுக்காதீங்க. சும்மா தமாஷுக்கு." மறுபடி கதவைத் தட்டினார். "உள்ள காத்தே இல்லப்பா."

மின்விசிறி நினைவுக்கு வந்தது. என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது, துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

அங்கே நின்று நான் கணக்குப் போட்டேன் என்றால் சிரிப்பீர்கள். இரண்டு மாடி இறங்க லிஃப்டுக்கு எவ்வளவு மின்சாரம் ஆகும்? ஒரு துணி இஸ்திரி போடுகிற அளவுகூட ஆகாது. அந்த விடை தெரிந்த பிறகும் நான் கீழே இறங்கவில்லை. மேலே, என் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். நான் போவது அவருக்குக் கேட்டால் வருத்தப்படுவார் என்று பட்டது.

வீட்டில் பால் உறைகள் காய்ந்திருந்தன. ஒவ்வொன்றாக மடித்தேன். சமையலறைக் கழிவை எருத்தொட்டியில் கொட்டிக் கிளறினேன். அவ்வப்போது கதவருகே வந்து காது கொடுத்தேன். தட்டும் சத்தம் விட்டு விட்டு வந்தது. பிறகு விரலால் தட்டுவதுபோல் ஆயிற்று. அதுவும் நின்ற பிறகு, எருவை இன்னொரு முறை கிளறினேன். அதற்கு அவசியமே இல்லை.

அப்புறம்தான் இறங்கிப் போய்ச் சுவிட்சைப் போட்டேன். லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. உட்கார்ந்த நிலையில் இருந்தார். மடியில் ஒரு துணிப்பை, நான் வீடு வீடாகக் கொடுத்ததில் ஒன்று. அதை அவர் உபயோகித்து நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு கணம் எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாலையில் வந்தவர்களிடம் மின்தடை என்றேன். என் மனைவி என் தோளைத் தொட்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்றாள். அவளிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆக, அவரைக் கொன்றது நான்தான். அதற்குச் சுற்றுச்சூழல் காரணமில்லை என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எழுதுங்கள். ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நான் எத்தனை கூட்டம் போட்டுக் கெஞ்சியும் நடக்காத ஒன்று இப்போது எங்கள் கட்டிடத்தில் நடக்கிறது. சின்னக் குழந்தைகள்கூட லிஃப்டில் ஏறுவதில்லை.