பத்தொன்பதாவது பொந்து

ஃபோஸ்கோவின் இடது தோள் எரிந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து கிலோ சிமெண்ட் மூட்டை. அன்றைக்கு அது ஆறாவது நடை. ராத்திரி ஒன்பதரை மணி. மாதா கோயிலுக்கு மேலே வேன் ஏறாது. அதற்கப்புறம் கழுதைப் பாதைதான். ஒரு கிலோமீட்டர் ஏற்றம், இருபுறமும் கஷ்கொட்டை மரங்கள், ஒரு விளக்கு கிடையாது. ஈர இலை நாற்றம். பன்றி கிளறிப் போட்ட மண் நாற்றம்.

பாதி வழியில் ஒரு சத்தம். கலகல... கலகல... காய்ந்த நாணல் குச்சிகளைக் கைநிறையப் பிடித்து உலுக்கினால் வருமே, அந்த மாதிரி. முள்ளம்பன்றி. பாதை நடுவில் நிற்கிறது. ஆள் வாடை பட்டால் ஓடுகிற ஜீவன், ஓடவில்லை. மூட்டையோடு இவன் நிற்கிறான், முள்ளை விரித்துக்கொண்டு அது நிற்கிறது. தோள் கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது... கடைசியில் இவன்தான் பாதையை விட்டு இறங்கிச் சுற்றிப் போனான்.

அப்போதே மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

“ஆரம்பிச்சுட்டான்யா,” என்றாள் ஒலிந்தா அக்கா. குடிசை அவளுடையது. நாங்கள் எட்டுப் பேர் முழங்கால் இடிக்க நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே மரச்சட்டங்களில் அவளுடைய கஷ்கொட்டை அத்தனையும் புகையில் காய்ந்துகொண்டிருந்தது. “போன வருஷமும் இதே புகை, இதே கதை. ஏ நெல்லோ, உன் வாய் அது பாட்டுக்குப் பேசட்டும், கை அந்தக் கட்டையை உள்ள தள்ளட்டும்.”

தள்ளினேன். சொன்னேன்.

ஃபோஸ்கோ என் கூட்டாளி அடெல்மோவின் அக்கா மகன். அடெல்மோவும் நானும் இருபது வருஷம் ஒரே சாரத்தில் நின்று கல் அடுக்கியவர்கள். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். கடைசிக் கொஞ்சம் மட்டும் நானே பார்த்தது.

ஃபோஸ்கோ வாங்கியது முப்பது வருஷம் பூட்டிக் கிடந்த கல் வீடு. ரொட்டி அடுப்புக்குள் கறுப்புப் பாம்பு, நிலவறையில் வௌவால், சமையலறையில் குட்டி போட்ட நரி. அந்தக் கோடை முழுவதும் அதுகளோடுதான் படுத்தான். நரி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஜூலையில் தானாகப் போகிறவரை அடுப்பு மூட்டவில்லை. பாம்பைச் சாக்கில் பிடித்துக் காட்டில் விட்டான். ஒன்றைக்கூட அடித்துக் கொல்லவில்லை. அவனைப் பற்றி அதைச் சொல்லியாக வேண்டும்.

மிச்சம் இருந்தது படுக்கையறைச் சுவர். அந்தக் காலத்தில் சாரம் கட்டியபோது கட்டை செருகிய பொந்துகள் சுவர் முழுக்க அப்படியே இருந்தன. அந்தப் பொந்துகளில் யார் குடியிருப்பார்கள் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கீரோ. அணிலுக்கும் எலிக்கும் நடுவில் ஒரு பிராணி. சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, கொழுத்த வால். கொட்டையை உடைக்காமல் வட்டமாகத் துளை போட்டுத் தின்னும். இலையுதிரில் சுருண்டு படுத்தால் மே மாதம்தான் கண் திறக்கும். அதனால்தான் எந்தக் கொத்தனாரும் செப்டம்பர் தாண்டினால் சாரப் பொந்தை அடைக்க மாட்டான். கோடையில் அடைத்தாலும் அந்தியில் கீழே உட்கார்ந்து, உள்ளே இருப்பது இரைக்கு வெளியே போனதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லை வைப்பான். இதை ஃபோஸ்கோவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவன் மூட்டை சுமந்த அன்றைக்குத் தேதி அக்டோபர் இருபது.

அவன் பெண்டாட்டி லோரியானா இரண்டு வருஷமாக மாமியார் வீட்டுச் சமையலறையில் கட்டில் போட்டுப் படுத்தவள். “மார்ட்டின் திருநாளுக்குள்ள எனக்குன்னு ஒரு கதவு வேணும்,” என்றாள். “இல்லேன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஜெனோவாவுக்கு அண்ணன்கிட்ட போறேன். நீ உன் நரியோட குடும்பம் நடத்து.” சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள். பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள்.

மார்ட்டின் திருநாள் நவம்பர் பதினொன்று. சுண்ணாம்புக் கலவை இறுக வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் உறைபனி வந்துவிடும். அதற்காகத்தான் சிமெண்ட் சுமந்தான்.

மறுநாள் பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு அடைக்க ஆரம்பித்தான். அடெல்மோ கலவை எடுத்துக் கொடுத்தான்.

“மாப்ள, தேதி என்ன தெரியுமில்ல?”

“தெரியும் மாமா. கலவையக் கொடு.”

அவ்வளவுதான் பேச்சு. அடெல்மோவும் கொடுத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் கிளாஸைக் கீழே வைத்துவிடுகிறான்.

மகள் டெலியாவுக்கு அப்போது நாலு வயசு. அப்பா ஒரு பொந்தை அடைத்தால் அவள் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். அது அவளுக்கு விளையாட்டு. கைக்கு எட்டுகிற பொந்து ஒன்றில் காதை வைத்தாள்.

“அப்பா, உள்ள யாரோ மூச்சு விடுறாங்க.”

“காத்தும்மா.”

கலவையை அப்பினான். எது பொந்து, எது சுவர் என்று தெரியாதபடி கரணையால் இழுத்து மட்டம் பண்ணினான்.

மார்ட்டின் திருநாளன்றைக்குக் குடி போனார்கள். புது வைன், சுட்ட கஷ்கொட்டை, சொந்தக்காரர்கள். லோரியானா கதவை மூடி மூடித் திறந்து பார்த்துச் சிரித்தாளாம். பிள்ளையை எட்டு மணிக்குப் படுக்க வைத்தார்கள்.

காலையில் பிள்ளை எழுந்திருக்கவில்லை.

காய்ச்சல் இல்லை, வலிப்பு இல்லை. முழங்கால் முகவாயில் இடிக்கச் சுருண்டு படுத்திருந்தாள். உடம்பு சில்லென்று இருந்தது. ஒரு மூச்சு... ரொம்ப நேரம் கழித்து... அடுத்த மூச்சு. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். ரத்தம் சரி, மூளை சரி. நல்ல டாக்டர், மறைக்காமல் சொன்னார்: “தூங்குறா. ஏன்னு எனக்குத் தெரியலம்மா.”

லோரியானா மட்டும் ஒன்று சொன்னாள். “பிள்ளை கழுத்துல காஞ்ச பாசி வாடை அடிக்குது.” நர்ஸ் இரண்டு தடவை குளிப்பாட்டினாள். வாடை போகவில்லை.

குளிர்காலம் முழுக்க லோரியானா பிள்ளையோடு ஆஸ்பத்திரியில், ஃபோஸ்கோ அந்த வீட்டில் தனியாக. ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி அதே கழுதைப் பாதையில் ஏறி வந்து சேரும்போது மணி இரண்டரை. பூட்ஸைக் கழற்றினான். அப்போது கேட்டது.

கிர்க்... கிர்க்...

சுவருக்கு உள்ளேயிருந்து. ஜன்னல் பக்கம் ஒன்று. அப்புறம் கட்டிலுக்கு மேலே. அப்புறம் சுவர் முழுக்க. சுண்ணாம்பாக இருந்தால் கொறித்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். இவன் பூசியது சிமெண்ட்.

சுத்தியலும் உளியும் எடுத்தான். முதல் பொந்தை உடைத்தபோது மணி மூன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது. உள்ளே பாசியும் இலையும் வைத்து உருண்டையாகக் கட்டின கூடு. கையை விட்டான். வெதுவெதுப்பு. ஆனால் காலி. ஒரு மயிர் இல்லை, ஒரு எலும்பு இல்லை. பிள்ளை கழுத்தில் அடித்த வாடை கையெல்லாம்.

போன் அடித்தது. லோரியானா அழுகிறாள். “விரலை அசைச்சா ஃபோஸ்கோ! இப்பத்தான், மூணுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்போ... ஒரு விரல்!”

அதற்கப்புறம் அவனுக்கு நிதானம் இல்லை. விடிவதற்குள் பதினேழு பொந்து உடைத்தான். உள்ளங்கை இரண்டும் கிழிந்து உளி வழுக்குகிறது. ஒவ்வொன்றிலும் கூடு, ஒவ்வொன்றும் சூடு, எதிலும் உயிர் இல்லை. காலை ஏழு மணிக்கு டெலியா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். ஆறு மாசம் கழித்து அவள் சொன்ன முதல் வார்த்தை:

“ரொம்ப இருட்டா இருந்துச்சு.”

கதவில் இருந்தது பத்தொன்பது கோடு.

“நிறுத்து நிறுத்து,” என்றாள் ஒலிந்தா அக்கா. “போன வருஷம் ரெண்டு பாக்கின்னு முடிச்சே. இப்பவும் அப்படித்தானே? இல்ல, பத்தலைன்னு ஏதாவது சேர்த்துக்கிட்டு வந்திருக்கியா?”

“சேர்க்கலக்கா. போன வருஷம் ரெண்டு. இந்த வருஷம் ஒண்ணு.”

மேலே ஏதோ டக்கென்றது. கஷ்கொட்டை ஓடு வெடித்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

போன பனிக்காலத்தில் டெலியா மறுபடி தூங்கினாள். அம்பது நாள். அப்புறம் தானாகவே எழுந்தாள். அதிலிருந்து ஃபோஸ்கோ வேறு வேலைக்குப் போகவில்லை. உள்பூச்சு, வெளிப்பூச்சு எல்லாவற்றையும் கொத்திப் போட்டான். செப்டம்பரில் புகைபோக்கிக்குப் பின்னால் பதினெட்டாவது கிடைத்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடெல்மோவும் நானும் போய்ப் பார்த்தோம். வெறும் கல் சுவர், நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு பொந்திலும் நான் கையை விட்டு எண்ணினேன். பதினெட்டு.

“மாப்ள,” என்றான் அடெல்மோ, “நாலு வயசுக் குழந்தை போட்ட கணக்கு. ஒரு கோடு சேர்த்து இழுத்திருக்கும். விட்டுத் தொலை.”

ஃபோஸ்கோவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. இரண்டு வருஷத்தில் அவனுக்கு யாரும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். வாசல்படியில் உட்கார்ந்திருந்த மகளிடம் குனிந்தான். அவளுக்கு இப்போது ஆறு வயசு.

“டெலியா கண்ணு, அன்னிக்கு கோடு போட்டியே... ஒண்ணு கூடப் போட்டுட்டியாம்மா?”

அவள் பச்சை ஹேசல் கொட்டை ஒன்றை முன்பல்லால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஓடு உடையவில்லை. வட்டமாக, ஒரே ஒரு துளை போட்டு, அது வழியாகப் பருப்பை எடுத்தாள். காலடியில் அந்த மாதிரி இருபது முப்பது ஓடு கிடந்தது.

“கூடப் போடலப்பா,” என்றாள். “பதினெட்டு அதுங்களுக்கு. கடைசிக் கோடு எனக்கு.”

அடெல்மோ விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய் என் வேனில் ஏறிக்கொண்டான்.

நெருப்பு தணிந்திருந்தது. கட்டையைத் தள்ளச் சொல்லி ஒலிந்தா அக்கா என்னை விரட்டவில்லை. மறுபடி கேட்டது. டக்... டக்... இப்போது தெளிவாக. கூரைக்கு வெளியே, மலைக்கு மேலிருந்து.

“மரங்கொத்தி,” என்றாள் அவள்.

“ராத்திரி பதினொன்றரைக்கா அக்கா?”

முந்தாநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு டெலியா படுத்தாள். இன்னும் எழுந்திருக்கவில்லை. லோரியானா அவளைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். மலை மேலே ஃபோஸ்கோ, சுத்தியலும் உளியுமாக, சுவரை உச்சியிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழற்றிக்கொண்டிருக்கிறான்.

அடைத்தது பத்தொன்பது. திறந்தது பதினெட்டு. அந்தச் சுவருக்கு ஃபோஸ்கோ இன்னும் ஒரு பொந்து பாக்கி.