போன வருசத்துக் குரல்

கிட்டே வாருங்கள் சாமிகளா, கையிலிருக்கும் வேலையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். ஒரு கதை வைத்திருக்கிறேன். அதில் ஒரு பக்கத்துப் பேச்சுதான் காதில் விழும். மறுபக்கம் உங்களுக்கே புரிந்துவிடும்.

பள்ளிபாளையத்தை ஒட்டி, துணிக்குச் சாயம் போடும் மில் ஒன்று. அங்கே மக்கள் தொடர்பு அதிகாரி ரஞ்சனி. பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்வதும் அவள்தான். முந்நூறு தொழிலாளர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் கம்பெனிச் செய்தியைத் தன் குரலில் பேசிப் போடுவதும் அவள்தான். அன்றைக்கு விடிகாலையில் ஏதோ கோளாறு என்று பாய்லரை நிறுத்தி, காலை ஷிப்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மதிய ஷிப்டுக்குச் சங்கு ஊதப் பத்து நிமிடம் இருக்கிறது. கேட்டுக்கு உள்ளே நிற்கிறாள் ரஞ்சனி. போனில் மேனேஜர் ஈஸ்வர்.

"ஹலோ... ஆமாங்க சார், கேட்டுலதான் நிக்கறேன்... இல்லீங்க, ஒருத்தரும் உள்ள வரலீங்க. எல்லாம் ரோட்டோரமா நிக்கறாங்க... சத்தமுங்களா? சத்தமே இல்லீங்க. அதான் எனக்குப் பயமா இருக்குது.

ஆமாங்க... ஆமாங்க... பாய்லர்ல கோளாறுன்னு அவங்ககிட்ட யாரும் போய்ச் சொல்லலீங்க சார். உங்க பூசணிக்காதான் சொல்லிப்போடுச்சு... சிரிக்காதீங்க. அமாவாசைக்குக் கேட்டு முன்னால சுத்தி ஒடைக்கறது வழக்கம். இன்னைக்கு என்ன அமாவாசையா? அதுவும் பாய்லர் ரூம் வாசல்ல, கற்பூரம் கொளுத்தி... காத்தால ஷிப்டுக்காரங்க அத்தன பேரும் அதைத் தாண்டித்தானே ஊட்டுக்குப் போனாங்க. நான் நூறு நோட்டீசு ஒட்டினாலும் அந்தக் குங்குமம் தடவுன பூசணிக்காயைத்தான் நம்புவாங்க...

ஏனுங்க சார், மாரியப்பண்ணன் எழுதியே குடுத்தாருங்களே? இருவது வருசமா பாய்லரோட கெடக்கற மனுசன். ஆவி மிஞ்சினாத் தானாத் தொறக்கற வால்வு, அதைத் தொறக்க உடாம கம்பி போட்டுக் கட்டியிருக்கறீங்க, வெடிச்சுப்போகும்னு... தற்காலிகமா? இன்னைக்கு ஒரு நாளைக்கா?... அவரு பாய்லரைப் பத்த வெக்க மாட்டேன்னு ஊட்டுக்குப் போயிட்டாருங்க. இப்ப சிம்னியில பொகை வருது. யாரு பத்த வெச்சது?... எலெக்ட்ரீசியனா? ஐயோ சாமி...

இல்லீங்க. நான் பேசிப் போடமாட்டேனுங்க... கேட்டுச்சுங்க. 'பாய்லர் நல்லாருக்குது, வாங்க'ன்னு ரெண்டு வார்த்தை. அந்த ரெண்டு வார்த்தைதான் வாயில வரமாட்டீங்குது... விசுவாசம் இல்லாம இல்லீங்க. வேலை குடுத்தது நீங்கதான், மறக்கலீங்க. ஆனா காவேரியில வெள்ளம் வந்தப்ப, 'எந்திரிங்க, புள்ளைங்களைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போங்க'ன்னு சொன்னதும் இந்தக் குரல்தானுங்க. அதுனாலதான் நான் சொன்னாக் கேக்கறாங்க. அதை வெச்சே இன்னைக்கு உள்ள கூட்டியாரச் சொல்றீங்களே...

தெரியுமுங்க, துணி வாங்கற பையருங்க நாலு மணிக்கு வாராங்க. மெசினு ஓடறதைக் காட்டோணும். வரவேற்புப் பேச்செல்லாம் எழுதிட்டேனுங்க... ரெண்டாவது பேப்பருங்களா? அதை எழுதலீங்க... பத்திரிகைக்கு, ஆமாங்க. 'எதிர்பாராத விபத்து, நிர்வாகம் ஆழ்ந்த வருத்தம்'. எத்தன பேருன்னு எழுதற எடத்தைக் காலியா உடச் சொன்னீங்க... முன்னெச்சரிக்கையா? எதிர்பாராததைக் காத்தாலயே யாராச்சும் எழுதி வெப்பாங்களா சார்?... ஹலோ?... ஹலோ?

இருக்கறேனுங்க... என்னங்க? வேண்டாமா? நான் பேசவே வேண்டாமா?... ஏனுங்க சார், திடீர்னு இப்பிடி... பரவால்லீங்களா? எப்பிடிப் பரவால்ல?... ஒரு நிமிசம் இருங்க.

எல்லாரும் போனை எடுத்துக் காதுல வெக்கறாங்க. குரூப்புல என்ன போட்டீங்க?... சார். சார், அது என்ற குரலுங்க. 'வணக்கஞ் சாமிகளா, ரஞ்சனி பேசறேன். பாய்லரை நானே நேர்ல பார்த்துட்டு வந்து சொல்றேன், தைரியமா வாங்க'... போன வருசம் இன்ஸ்பெக்டரு வந்து பார்த்துட்டுப் போன அன்னைக்குப் பேசுனதுங்க அது. அன்னைக்கு அது நெசம்... ஃபார்வர்டுன்னு மேல போட்டிருக்குமா? அதை யாரு சார் பாக்கறாங்க? குரலைத்தான கேப்பாங்க... முப்பது நாப்பது போன்ல நானே பேசறேன். ரோடு முழுக்க நானே பேசறேன்...

கேட்டைத் தொறக்கறாங்க. மூடச் சொல்லுங்க... சார், மூடச் சொல்லுங்க!... பூவாத்தாக்கா! அக்கா, உள்ள போவாதீங்க!... நான் சொல்லலீங்கக்கா, அது பழசு... இல்லீங்கக்கா, உங்க போன்ல பேசறது நானில்லீங்க. இங்க நிக்கறேன் பாருங்க, இதுதான் நான். என்ற மூஞ்சியப் பாருங்க... கோகிலவாணி, நீயாச்சும் நில்லு கண்ணு... ஏன் எல்லாரும், நான் வாங்கன்னு கூப்பிடறாப்பல, என்னையப் பார்த்துச் சிரிச்சுட்டே போறீங்க...

ஆ, இருக்கறேனுங்க... சங்கு ஊதறாங்க சார். உங்களுக்குக் கேக்குதுங்களா?... வேலையா? எடுத்துக்கங்க... போலீசா? கூப்பிடுங்க சார், சீக்கிரமாக் கூப்பிடுங்க... இல்லீங்க, இதுக்கு மேல பேச முடியாது, போனை வெக்கறேன். கேட்டுக்குக் குறுக்க நிக்கறதுக்கு எனக்கு ரெண்டு கையும் வேணுமுங்க."

அவ்வளவுதான் சாமிகளா, பேச்சு அங்கே அறுந்துபோயிற்று. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் போன வழியே முழுசாகத் திரும்பி வரட்டும். அவர்களை வா என்று கூப்பிடும் குரல் அன்றன்றைக்குப் பேசிய குரலாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் கொதிப்பது சோற்று உலை மட்டுமாகவே இருக்கட்டும்.