வலது பின்சக்கரத்துக் காற்றுப்பை

எலோய்: …மறுபடியும் அதே பக்கம்தான். வலது பின்சக்கரத்துக் காத்துப்பைதான் எறங்கியிருக்கு. பாரு மாமா, வெயிலுக்குப் படுத்த நாய் மாதிரி மண்ணுல வயித்தை வெச்சுக்கிட்டுக் கெடக்கு உன் பிக்கப் வண்டி.

டெல்ஃபினோ: நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தான் நின்னுச்சு மச்சான்.

எலோய்: எல்லா நாளும் நல்லாத்தான் நிக்குது. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு மட்டும் படுத்துக்குது.

டெல்ஃபினோ: குளிரு ஒத்துக்கல போல…

எலோய்: குளிரா? ஆகஸ்ட் மாசத்துல, நம்ம எஸ்பான்யோலாவுல? ஊரே அறுவடை மொளகா சுட்டுக்கிட்டு வேர்த்து வழியுது… குளிராம்!

டெல்ஃபினோ: அப்போ காத்து டேங்க்குல தண்ணி கோத்திருக்கும். நீதானே சொல்லுவ, தண்ணி கோத்தா வால்வு கெட்டுடும்னு.

எலோய்: தண்ணியை வடிச்சியா இல்லையா?

டெல்ஃபினோ: வடிச்சேன்.

எலோய்: அப்புறம் எப்படிக் கோக்கும்? தெரியாத வேலையைப் பத்திப் பேசாத மாமா. முதல்ல அந்தக் குறடைக் கீழ வை. எதுக்கெடுத்தாலும் குறடு. விட்டா முட்டையைக்கூட அதாலதான் உடைப்ப.

கொரினா: எலோய்… வந்துட்டியாடா?

எலோய்: வந்துட்டேன்க்கா! நீ ஜன்னல்கிட்ட நிக்காத, போய் உக்காரு.

கொரினா: என்னடா ஆச்சு இந்த வண்டிக்கு? இந்தப் பள்ளத்தாக்குலயே ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப்பை மாட்டுறதுல உன்னை மிஞ்ச ஆளில்லன்னு மார் தட்டுவ…

எலோய்: இப்பவும் ஆளில்லதான்.

கொரினா: வண்டியே சிரிக்குதுடா உன்னைப் பார்த்து… சாப்பிட்டியா? உருளைக்கிழங்கு பொரிச்சு வெச்சிருக்காரு உன் மாமா. கருக்கிட்டாரு.

எலோய்: அப்புறம் சாப்பிடுறேன்க்கா. நீ போ.

டெல்ஃபினோ: …போயிட்டா.

எலோய்: கொரல் இப்படி மெலிஞ்சு போச்சே மாமா.

டெல்ஃபினோ: ம்.

எலோய்: சோப்புத் தண்ணியை எடு. மேல தூக்குற பொத்தானை அமுக்கு… போதும், போதும். இந்தப் பக்கம் ஸ்டாண்டைக் குடு.

டெல்ஃபினோ: நல்லா முட்டுக் குடுத்துக்கோடா. பயமா இருக்கு.

எலோய்: முட்டு இல்லாம எவனும் காத்து வண்டிக்கு அடியில போக மாட்டான் மாமா. பை காலியாச்சுன்னா மொத்த எடையும் நெஞ்சுலதான். ஆளு அப்பமாயிடுவான்… போவானா எவனாவது?

டெல்ஃபினோ: …போக மாட்டான்.

எலோய்: ம். போக மாட்டான்.

டெல்ஃபினோ: எங்கயாவது நுரை வருதா?

எலோய்: பையில இல்ல. ட்யூபுல இல்ல. வால்வு சுத்தமா இருக்கு.

டெல்ஃபினோ: அப்போ எங்கேர்ந்துதான் போகுது?

எலோய்: யாருக்குத் தெரியும்.

டெல்ஃபினோ: போன தடவை காத்துப்பைக்குப் போற இந்த ட்யூபை எதுக்குடா மாத்தி விட்ட? உள்ள போயிட்டிருந்ததை வெளிய இழுத்து, அதை மாட்டுற நட்டை சக்கரத்து ஓரமாக் கொண்டாந்து வெச்சிருக்க… அதனால இருக்குமோ?

எலோய்: சைலன்ஸர் சூடு படக் கூடாதுன்னு வெச்சேன்.

டெல்ஃபினோ: சைலன்ஸர் இடது பக்கம்ல இருக்கு?

எலோய்: நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?… விடு. இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிடுறேன். என் வண்டியில பின்னாடி என்ன கெடக்குன்னு பாரு.

டெல்ஃபினோ: என்ன அது, ஸ்பிரிங் பட்டையா?

எலோய்: பழைய பட்டைதான். காத்துப்பை, பம்ப்பு, டேங்க்கு எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு இதைப் பூட்டிடுறேன். காத்தும் வேணாம், லீக்கும் வேணாம். மத்தியானத்துக்குள்ள ஆல்புகர்க்கி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.

டெல்ஃபினோ: வேணாம்டா.

எலோய்: ஏன் வேணாம்?

டெல்ஃபினோ: பட்டை போட்டா வண்டி குலுங்கும், அவ தாங்க மாட்டாடா… உன் காருல ஏத்திக்கிட்டுப் போனோமே, இந்த மண் ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள எப்படிக் கத்தினா! நோய் எலும்பு வரைக்கும் போயிடுச்சு. ஒரு கல்லு மேல சக்கரம் ஏறினாப் போதும். அதுக்காகத்தானே நீ இந்தப் பையையே மாட்டின? தரையோட தரையா இறக்கிக் குடுத்தாத்தான் அவளால காலெடுத்து வெச்சு ஏறவே முடியும்…

எலோய்: கத்தட்டும். போய்த்தான் ஆகணும். மூணு முறை தவற விட்டாச்சு மாமா! டாக்டர் என்ன நெனைப்பான்? மருந்து ஏத்தினாத்தானே பொழைப்பா? ஸ்பேனரை எடு.

டெல்ஃபினோ: மச்சான்…

எலோய்: ஸ்பேனரை எடுன்னா!

டெல்ஃபினோ: கழட்டாதடா… லீக்கே இல்ல. நான்தான் நட்டைத் தளர்த்தி விட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான். அவதான் கேட்டா. "என்னால முடியலைங்க, இனிமே ஊசி வேணாம், மருந்து வேணாம், வீட்டுலயே விட்டுடுங்க"ன்னா. "தம்பிகிட்ட மட்டும் சொல்லாதீங்க, அவன் உடைஞ்சு போயிடுவான்"னு கையைப் புடிச்சுக்கிட்டா. நான் என்னடா பண்ணுவேன்?… அடி, ரெண்டு அடி அடிச்சிடு. பேசாம மட்டும் இருக்காத.

எலோய்: தெரியும்.

டெல்ஃபினோ: என்ன தெரியும்?

எலோய்: மொத தடவையே தெரியும். பித்தளை நட்டைக் குறடால கடிச்சுத் திருப்புற ஆளு இந்தப் பள்ளத்தாக்குல நீ ஒருத்தன்தான் மாமா. மூலையெல்லாம் சப்பையாக்கி வெச்சிருந்த. நான்தான் சத்தமில்லாமப் புது நட்டு போட்டுட்டுப் போனேன்.

டெல்ஃபினோ: தெரிஞ்சுமாடா சோப்புத் தண்ணியைத் தூக்கிக்கிட்டு வந்த?

எலோய்: லீக்குன்னா நான் வரலாம்ல… அடைக்கலாம்ல. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே. அவ வேணாம்னு சொன்னது என் காதுல விழாத வரைக்கும்…

டெல்ஃபினோ: இன்னைக்குப் பட்டையைத் தூக்கிட்டு வந்தது?

எலோய்: நீயாச் சொல்லுவன்னுதான். தனியா வெச்சுக்க முடியல மாமா. தூக்கமே இல்ல.

டெல்ஃபினோ: அழாதடா… அவ ஜன்னல் வழியாப் பார்த்துடுவா.

எலோய்: நீ பண்ணின காரியத்துக்குத்தான் அழுகையா வருது! முட்டு ஒண்ணுமில்லாம அடியில நொழஞ்சு நட்டைத் திருப்பியிருக்க. மண்ணுல உன் முதுகுத் தடம் அப்படியே கெடந்துச்சு. காத்து எறங்கியிருந்தா?

டெல்ஃபினோ: எறங்கத்தான் செஞ்சுது. சட்டை மாட்டிக்கிச்சு, இழுத்துக்கிட்டு வெளிய வந்தேன்… நசுங்கினாலும் பரவாயில்லன்னுதான் இருந்துச்சு மச்சான். அவளுக்கு அப்புறம் நான் என்னத்துக்கு?

எலோய்: வாயை மூடு. அவ போற வரைக்கும் அவளுக்கு யாரு இருக்கா? நீ நசுங்கிப் போயிட்டா அவளை யாரு தூக்கி உக்கார வைப்பா?… நட்டை எதுக்கு வெளிய கொண்டாந்து வெச்சேன்னு கேட்டியே. அடியில போகாம, வெளிய நின்னுக்கிட்டே நீ கை விட்டுத் தளர்த்தணும்னுதான் வெச்சேன்.

டெல்ஃபினோ: எலோய்…

எலோய்: நானே என் கையால வெச்சேன் மாமா. எங்க அக்கா சாவுறதுக்கு நானே வசதி பண்ணிக் குடுத்தேன்.

கொரினா: ரெண்டு பேரும் என்னடா பண்றீங்க அங்க? சத்தத்தையே காணோம்! நான் ஷூ போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்… லீக்கு கெடச்சுதாடா?

டெல்ஃபினோ: …நீயே சொல்லுடா.

எலோய்: கெடைக்கலக்கா! நானும் எல்லா இடமும் பார்த்துட்டேன், கெடைக்கவே இல்ல. இன்னைக்கும் போக முடியாது… நீ ஷூவைக் கழட்டிப் போட்டுட்டுப் படுத்துக்கோ.