கவிதா கையில் குக்கர்

தாம்பரத்தில் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் ஏறினேன். எதிர் இருக்கையில் இரண்டு தோழிகள். புர்கா அணிந்தவர் ஒரு குக்கர் பெட்டியை மற்றவர் மடியில் வைத்தார்.

"இறங்கற வரைக்கும் இந்த குக்கர் உன்னோடது, கவிதா."

"உன் நாத்தனாருக்கு வாங்கினத நான் எதுக்குடி தூக்கணும், நஸ்ரின்?"

"நேத்து எவனோ குக்கர்ல குண்டு வச்சான், டிவில பாக்கல? இன்னைக்கு நான் குக்கரோட போனா நாத்தனார் வீடு போய்ச் சேருவேனா? உன் நெத்திப் பொட்ட பார்த்தா ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பல்லாவரத்தில் ஒரு பெண் காவலர் ஏறினார்.

"பெட்டில என்னம்மா?"

கவிதாவுக்கு முகமெல்லாம் வியர்த்தது. "கு... குக்கர் மேடம். சத்தியமா என்னோடது இல்ல!"

நஸ்ரின் நிதானமாகப் பெட்டியைப் பிரித்தார். மூடியைத் திறந்து, ரப்பர் வளையம், வெயிட் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். "நாத்தனார் புது வீட்டுக்கு மேடம்." காவலர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

"எப்படிடி கை நடுங்காம காட்டின?"

"எங்க வெடிச்சாலும் என் பையத்தான் தொறக்கச் சொல்றாங்க. பழகிடுச்சு."

கவிதா குக்கரைத் திரும்பப் பெட்டியில் போட்டுத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கிண்டி வந்ததும் நஸ்ரின் கை நீட்டினார்.

"குடுடி, நானே தூக்கறேன். உன் மூஞ்சிய பார்த்தா எனக்கே சந்தேகமா இருக்கு."