கட்டாய வினா

— அடுத்தது படி பாப்பா. சும்மா சும்மா கேள்வித்தாள மடிச்சுக்கிட்டு இருக்காத.

— நீ மொதல்ல செவுத்துல சாஞ்சு ஒக்காருப்பா. பேசுனா எளைக்குதுல்ல ஒனக்கு.

— நீதான பேசப் போற, நான் கேக்கத்தான போறேன். சுத்துச்சூழல் பரிச்சைக்கு ஒரு மாசமா கேள்வி கேட்டது நானு. ரிசல்ட்டு மொதல்ல எனக்குத்தான் தெரியணும். படி.

— "நீரைச் சேமிக்கும் வழிகள் ஐந்தினை எழுதுக." அஞ்சும் எழுதிட்டேன்.

— கொழாயத் தொறந்து வுடக் கூடாதுன்னு எழுதுனியா?

— ம்.

— அத அப்படியே உங்கம்மாகிட்டயும் ஒரு தடவ சொல்லிடு சங்கரி. பீங்கான் கம்பெனியிலேருந்து வந்ததும் வராததுமா பின்னால போயி கொழாயத் தொறந்து வுட்டுட்டு நிக்குது. மொகங்கழுவ அவ்ளோ நேரமா? படுத்துக் கெடக்கற எனக்குச் சத்தம் கேக்குது, கொட்டுது, கொட்டுது, கொட்டிக்கிட்டே இருக்குது. கேட்டா மொகத்தத் தொடச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிடுது.

— சரிப்பா. சொல்றேன்.

— ஆத்துத் தண்ணி கெட்டுப் போறது வந்துச்சா?

— வந்துச்சு. நம்ம மணிமுத்தாத்தையே எழுதிட்டேன்.

— அடி சக்க! அமில மழ?

— படம் போட்டு எழுதுனேன். பொக போற கூண்டு வரைஞ்சேன், பாத்தா நம்ம கம்பெனி சூளைக் கூண்டாட்டமே வந்துடுச்சு. அப்பறம் அந்த வளங்குன்றா வளர்ச்சி... அதுலதான் ஒளறிட்டேன்.

— போவட்டும் வுடு. அது எனக்கே வாயில நொழையல. தோராயமா பாத்தா பாஸுக்குக் கிட்ட வந்து நிக்கிற. அந்தக் கடைசிப் பெரிய கேள்வி ஒண்ணு வந்துட்டா தாண்டிடுவ. அது என்னா?

— அது சாய்ஸுப்பா. வுட்டுட்டேன்.

— குடு இங்க.

— சாய்ஸுன்னு சொல்றேன்ல?

— குடு பாப்பா. மூச்சுதான் போச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்குது. கட்டாய வினான்னு தடியா போட்டுருக்குதே! "தொழிற்சாலைத் தூசியால் நுரையீரலுக்கு..."

— படிக்காதப்பா.

— "...நுரையீரலுக்கு வரும் நோய் யாது? காரணம், அறிகுறி, தடுக்கும் முறை ஆகியவற்றை விவரி."

— இந்தா, தண்ணி குடி. மெதுவா. இருமல அடக்காத, வர்றது வரட்டும்.

— எழுதுனியா?

— இல்ல.

— ஒரு வரி கூடவா?

— பேனாவ மூடி வச்சுட்டேன். மங்கலம்பேட்ட பஸ்ஸு ஏறறப்ப எங்க க்ளாஸு சுஹைனா கூட கேட்டா, ஏன்டி கடைசில அப்படியே ஒக்காந்துக்கிட்டு இருந்தன்னு.

— போச்சு. என்னாலதான் போச்சு. நான்தான அந்தப் பாடத்த மட்டும் தாண்டித் தாண்டிப் போனேன். இந்த வருசம் அதுலேருந்து கேக்க மாட்டாங்கன்னு வாய்க்கு வந்தத சொன்னேன். நீயும் நம்பிட்ட.

— அப்பா, அழுவாத.

— அந்தப் பாடத்துல கடைசியா என்னா போட்டுருக்குதுன்னு படிச்சேன் பாப்பா. கொணமாவாதுன்னு போட்டுருக்குது. அத நான் கேட்டு, ஒன் வாயால நீ எங்கிட்டயே சொல்றதான்னு மனசு வரல. இப்ப ஒன் படிப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன். பெயிலானா கம்பெனிதான்னு உங்கம்மா சும்மா மெரட்டல, தெரியுமா? அந்தக் கேட்டுக்குள்ள நீ கால் வைக்கக் கூடாதுன்னுதான இந்த ஒரு மாசமும் மூச்சப் புடிச்சுக்கிட்டு கேள்வி கேட்டேன்!

— எனக்குத் தெரியும்பா அந்தப் பாடம்.

— என்னா தெரியும்?

— சிலிக்கோசிஸ். வெள்ளக்கல்லு மாவு மூச்சுல போயி நுரையீரல்ல தங்கிடும். டீச்சர் அத நடத்துனப்ப க்ளாஸே திரும்பி என்னத்தான் பாத்துச்சு. நீ எதுக்குத் தாண்டுறன்னும் தெரியும். தெரியாதாட்டமே நானும் பக்கத்தத் திருப்பிட்டேன்.

— எப்பலேருந்து?

— நீ எனக்குக் கேள்வி கேக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே.

— அடப் பாவிப் பொண்ணே... ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு நானு, எனக்குத் தெரியக் கூடாதுன்னு நீயி. நல்லாத்தான் படிச்சிருக்கோம் ரெண்டு பேரும். சரி, தெரிஞ்சும் ஏன் எழுதல? என்னைய நெனச்சுக்கிட்டு கை ஓடலியா?

— கை ஓடுச்சு. எழுதுனா பாஸாயிடுவேன்.

— என்னாடி பேசுற? பாஸாவறதுக்குத்தான பரிச்ச?

— நீ படுக்கையில வுழுந்ததும் கம்பெனியில ஒனக்குப் பதிலா அம்மாவ எடுத்துக்கிட்டாங்கல்ல. வூட்டுக்கு ஒரு ஆளுதான்னு மேஸ்திரி அன்னிக்கே சொன்னாரு. நான் உள்ள போனா அம்மா வெளிய வந்துடும்.

— கிறுக்கு புடிச்சிருக்குதா ஒனக்கு? உங்கம்மா ஏன் வெளிய வரணும்? அது பேக்கிங்குல நிக்குது. ஃபியூஸ் கட்டைய வைக்கோல் வச்சு அடுக்குற வேல. அங்க ஏது தூசி? மேஸ்திரி கால்ல வுழாத கொறையா கெஞ்சி அந்த எடத்த நான் கேட்டு வாங்குனேன்.

— அம்மா ஒரு நாளும் பேக்கிங்குல நின்னதில்லப்பா. சோறு குடுக்கப் போனப்ப பாத்தேன். ஒன் எடத்துலதான் கல்லு மாவு சலிக்குது. தலையெல்லாம் வெள்ள. அப்பாகிட்ட சொல்லாதடின்னு என்னப் பாத்து கையெடுத்துக் கும்புடுது.

— இல்ல. இருக்காது. வூட்டுக்கு வர்றப்ப துணியில ஒரு பொட்டுத் தூசி இருக்காதே. சும்மா எதையாவது நெனச்சுக்கிட்டு ஒன் படிப்பக் கெடுத்துக்காத. நாளைக்கே போயி டீச்சர் கால்ல வேணா வுழுறேன், திருப்பி எழுதச் சொல்லுங்கன்னு.

— கம்பெனியிலயே பொடவ மாத்திக்கிட்டுதான் வருதுப்பா. அந்தக் கேள்விக்கு அறிகுறின்னு மொதல்ல என்னா எழுதணும்?

— அத எங்கிட்டயா கேக்கற? வறட்டு இருமலு.

— அம்மா கொழாயத் தொறந்து வுடறது மொகங்கழுவ இல்லப்பா. இருமுறது ஒனக்குக் கேக்கக் கூடாதுன்னு.