அட்டை கடிச்ச கால்

இராக்கம்மா: …அட்டை கடிச்சா கால் இப்படிக் கறுக்குமாங்க? முப்பது வருசமா மலையில அட்டைக்கு ரத்தம் குடுக்குறேன். எனக்கு ஒரு நாளும் கறுக்கல.

ரெங்கசாமி: மெதுவா பேசு. வார்டே பாக்குது.

இராக்கம்மா: பாக்கட்டும். எம் மக ஜெயா கால எடுக்கப் போறாங்க. நா மெதுவா பேசணுமா?

ரெங்கசாமி: எடுக்குறேன்னு யாரு சொன்னா? தொறந்து பாக்கணும்னு தான்…

இராக்கம்மா: நீங்க வெளிய பீடி குடிச்சிக்கிட்டு இருந்தீங்க. ஷுக்ரி தம்பி வந்து சொல்லிட்டுப் போச்சி. எடுக்கத்தான் வேணுமாம். கணுக்காலோடயா, முழங்காலுக்குக் கிட்டயான்னு தொறந்தா தான் தெரியுமாம்.

ரெங்கசாமி: அவன் ஒரு அட்டெண்டன். அவனுக்கு என்னா தெரியும்?

இராக்கம்மா: சிங்களமும் தமிழும் தெரியும். இங்க நமக்கு அது போதும். இன்னொண்ணும் டொக்டர் கேட்டாராம். காலுக்குள்ள என்னா போச்சின்னு. நாம அட்டைன்னு சொன்னத அவரு நம்பல.

ரெங்கசாமி: அட்டைன்னு சொல்லியாச்சி. தோட்டத்து மருந்துக்காரர்கிட்டயும் அதத்தான் சொன்னோம். இனி மாத்திப் பேசுனா நம்மள என்னான்னு நெனப்பாங்க?

இராக்கம்மா: அவரு ஊதா மருந்தப் பூசி பிளாஸ்டர் ஒட்டி அனுப்பிட்டாரு. திங்கக்கெழம ஒட்டுனது. இன்னைக்கு பொதன். அந்த பிளாஸ்டரு இருந்த எடத்துல இப்ப சதையே இல்ல.

ரெங்கசாமி: போதும் இராக்கு.

இராக்கம்மா: நா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

ரெங்கசாமி: இப்ப வேணாம்.

இராக்கம்மா: இப்ப சொல்லலன்னா எப்ப…

ரெங்கசாமி: எல்லாத்துக்கும் அந்தப் பாசி தான் காரணம். வாசல்ல பாசி, வாசல்ல பாசின்னு ஒரு மாசமா உசுர வாங்குன.

இராக்கம்மா: வாங்குனேன். போன தடவ பொண்ணு பாக்க வந்த பொம்பள வழுக்கி வுழுந்து, பொண்ணு மொகத்தக் கூடப் பாக்காம நொண்டிக்கிட்டே போனா. இப்ப பொண்ணு கேட்டிருக்குற ஹாலிஎல ஆளுங்களும் போயிட்டா? அவங்க இந்தியா கப்பல் ஏறுறதுக்கு முந்தி கலியாணத்த முடிக்கணும்னு நிக்கிறாங்க. நா தென்னமாறு வச்சித் தேச்சிக்கிறேன்னு தான் சொன்னேன். நீங்க தான் ஒங்க சேர்விஸ் ஸ்டேசன்ல லொறி கழுவுற மிசின கொண்டாறேன்னீங்க.

ரெங்கசாமி: ரெண்டு நாள் தேய்க்கிறத அது அரை மணித்தியாலத்துல முடிக்கும்.

இராக்கம்மா: முடிச்சிருச்சி. அந்த விசிறி மாதிரி விரியிற வாய்லயே தண்ணி நல்லாத் தான் வந்திச்சி. மேல் பாசி போச்சி. நீங்க தான் கொறையா இருக்குன்னு சட்டப்பையிலருந்து ஊசியாட்டம் தண்ணி அடிக்கிற வாய எடுத்து மாட்டுனீங்க. லொறிச் சக்கரத்துல காஞ்ச சேத்தையே உரிச்சிரும்னு பெருமை வேற.

ரெங்கசாமி: மாட்டிக் குடுக்குறப்ப சொன்னேன்ல? தரையிலருந்து ரெண்டு முழம் தள்ளிப் புடி. ஆள் பக்கம் திருப்பாத. காலுக்குச் சப்பாத்து போட்டுக்க. எல்லாம் சொன்னேன்.

இராக்கம்மா: சப்பாத்து ஒரு சோடி தான் இருந்திச்சி. அது ஒங்க கால்ல கெடந்திச்சி.

ரெங்கசாமி: பெற்றோல் முடியப் போகுதுன்னு மாரிசாமி வீட்டுக்கு ஓடுனேன். கழட்டிக் குடுக்கத் தோணல.

இராக்கம்மா: மிசின நிப்பாட்டவும் தோணல.

ரெங்கசாமி: நிப்பாட்டுனா மறுபடி கயித்த இழுத்து இழுத்து… அது ஒரு சனியன். பத்து நிமிசத்துல வந்துட்டேன்ல.

இராக்கம்மா: அந்தப் பத்து நிமிசத்துல தாங்க…

ரெங்கசாமி: இராக்கு, வேணாம்னேன்ல.

இராக்கம்மா: நா சொல்லிர்றேன். மூணு நாளா சோறு எறங்கல எனக்கு. ஜெயா வெறகு எடுத்துக்கிட்டு வந்தா. பாதத்து மேல ஒரு அட்டை, நல்லாக் குடிச்சி உருண்டு கெடந்திச்சி. சவுக்காரம் எடும்மா, தேச்சி எடுத்துர்றேன்னு கேட்டா. நாந்தாங்க… சவுக்காரம் எதுக்குடி, இந்தத் தண்ணியால அடிச்சா அட்டை ஒங்கப்பன் வேல செய்யிற எடத்துக்கே போய் வுழும்னு சிரிச்சேன். அவளும் சிரிச்சிக்கிட்டே கால நீட்டுனா. ஒரே அமுக்கு. அட்டை எங்க போச்சின்னே தெரியல. சுருக்குன்னுச்சிம்மான்னா. பாத்தா, ஊசி குத்துன மாதிரி ஒரு ஓட்ட. அட்டை கடிச்சா ரத்தம் நிக்காம வழியும்ல? இதுல ஒரு சொட்டு வரல. நல்லதுன்னு நெனச்சிட்டேங்க. சுண்ணாம்பு வச்சிக் கட்டி, அப்பாகிட்ட சொல்லாதடின்னுட்டேன். அன்னைக்கு சாயந்தரம் நீங்க கட்ட அவுத்துப் பாத்துட்டு என்னான்னு கேட்டப்பவும் அட்டைன்னேன்.

ரெங்கசாமி: அழுவாத.

இராக்கம்மா: ஜுனைதீன் முதலாளிக்குத் தெரியாம எடுத்தாந்த மிசினு. அதால புள்ளைக்கு இப்படின்னு வெளிய போனா ஒங்க வேல போயிரும்னு தான் வாய மூடிக்கிட்டேன். சும்மா தண்ணி தானங்க. தண்ணி ஆள இப்படி அறுக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அவள முதுகுல சுமந்துக்கிட்டு ஓடியாந்திருப்பேனே. ஏதாச்சும் பேசுங்க. திட்டவாவது செய்யுங்க. இப்படிக் கல்லு மாதிரி இருக்காதீங்க.

ரெங்கசாமி: ஒன்ன எதுக்குத் திட்ட?

இராக்கம்மா: நா டொக்டர்கிட்ட சொல்லப் போறேன்.

ரெங்கசாமி: உக்காரு. சொன்னா கால் திரும்பி வருமா?

இராக்கம்மா: வராது. உள்ள போனது என்னான்னு தெரிஞ்சா ஒரு சாண் காலாவது மிஞ்சுமான்னு பாக்குறேன்.

ஷுக்ரி: ரெங்கசாமி அண்ணே, வாங்க. இந்தக் கடுதாசியில கையெழுத்து வைங்க. தங்கச்சிய உள்ள கொண்டு போறாங்க.

இராக்கம்மா: முழிச்சிருக்காளா தம்பி?

ஷுக்ரி: முழிச்சித் தான் இருக்கு. அம்மாவ வரச் சொல்லுது. அண்ணே, டொக்டர் கடைசியா ஒருக்கா கேக்கச் சொன்னார். மறைக்காம சொல்லுங்க. போன வருசமும் இப்படி ஒரு ஆள் வந்தார், பம்ப் அடிச்சி எண்ணெய் விரலுக்குள்ள போயிட்டுது. அடிபட்ட ஒரு மணித்தியாலத்துல வந்தார். டொக்டர் கீறிக் கழுவி விட்டார், விரல் தப்பிச்சி. இந்தப் புள்ளைக்கு என்ன நடந்திச்சி?

இராக்கம்மா: தம்பி, நா சொல்றேன். எம் மேல தான் தப்பு. இவருக்கு ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கெழம நாந்தான்…

ரெங்கசாமி: நீ இரு இராக்கு. தம்பி, டொக்டர்கிட்ட சொல்லுங்க, அது லொறி கழுவுற மிசின் தண்ணி. இவளுக்குத் தான் ஒண்ணும் தெரியாது. எங்க சேர்விஸ் ஸ்டேசன்ல வேல பாத்த பாறூக்குக்கு இதே மிசின் தண்ணி பட்டு இதே மாதிரி சின்ன ஓட்ட தான், ரத்தமே வரல, நாலாம் நாள் கைய எடுத்தாங்க. ஞாயித்துக்கெழம சாயந்தரம் புள்ள கால அவுத்துப் பாத்ததுமே எனக்கு வெளங்கிருச்சி. விடிஞ்சதும் மிசின கொண்டு போய் அது இருந்த எடத்துல வச்சிருவோம், அப்பறமா சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்.