வைத்திதாவின் கேள்விச் சீட்டுகள்

வைத்தீஸ்வரனுக்குப் பெருங்காயம் ஒத்துக்கொள்ளாது. கல்கத்தாவில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. மற்றதெல்லாம் அவரை வைத்திதா, வைத்தி அண்ணா, என்று கூப்பிடும் ஊருக்கே தெரியும். பதினொரு வருஷம் வங்காளத் தொலைக்காட்சியில் பெண்களுக்கான வினா விளையாட்டு நடத்தியவர். ஞாயிறு மாலை அவர் புருவத்தைத் தூக்கி "பொலுன், தீதி", சொல்லுங்கள் அக்கா, என்றால் எங்கள் லேக் கார்டன்ஸில் குழாயடிச் சண்டைகூட ஓயும். மேஜைக்கு மேலே கோட்டு, கீழே வேட்டி. தலைமுடி கடையில் வாங்கியது. எதிர் ஃபிளாட்காரியான எனக்கு இதெல்லாம் தானாக வந்து சேரும். பால்கனியில் நிற்பதை வேவு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வங்காளிகளே மயங்கும்படி வங்காளம் பேசுவார். படிக்க மட்டும் ஓரெழுத்தும் தெரியாது. பாலிகஞ்சில் பள்ளிக்கூடம் போனதால் எனக்குத் தெரியும். அவர் மனைவி காலமான பின், நிலையத்திலிருந்து வரும் கேள்விகளையும் விடைகளையும் வெள்ளிக்கிழமைதோறும் தமிழெழுத்தில் சீட்டுகளாக எழுதித் தந்தது நான்தான்.

"சௌந்தரம், என் கண்ணு ரெண்டும் உங்ககிட்டதான் இருக்கு" என்பார். அது போதுமாயிருந்தது.

2002 துர்கா பூஜைக்கு முன் ஒரு பத்திரிகைக்காரப் பெண் பேட்டிக்கு வந்தாள். காப்பி நான்தான் போட்டேன். சீட்டுகளை யார் தயாரிப்பது என்று கேட்டாள்.

"நானேதான். இன்னொருத்தர் கை படவே விடமாட்டேன்" என்றார் வங்காளத்தில். பிறகு என்னைக் காட்டி, "எதிர்வீட்டு மாஷிமா. காப்பி பிரமாதமாப் போடுவாங்க."

மாஷிமா என்றால் அம்மா வயதுக்காரி. எனக்கு அவரைவிட ஆறு வயது குறைவு.

அந்த வெள்ளிக்கிழமையும் சீட்டு எழுதினேன். இருபதில் ஒன்றில் மட்டும் விடையை மாற்றினேன். இறுதிச் சுற்று, நேரடி ஒளிபரப்பு. ஹவுரா பாலம் எந்த ஆண்டு திறந்தது? பாலத்துக்கு அந்தப் பக்கமே குடியிருந்த ஒரு விதவை, 1943 என்று சரியாகச் சொன்னாள். அவருக்கும் தெரியும். ஒரு கணம் தயங்கியதைப் பார்த்தேன். தனக்குத் தெரிந்ததைவிட என் கையெழுத்தை நம்பினார். தவறு என்று அறிவித்தார்.

மறுநாள் நிலையத்தார் சீட்டைக் கேட்டார்கள். அதில் தமிழ். பத்திரிகைகள் ஒரு வாரம் சிரித்தன. நிகழ்ச்சி கைமாறியது.

"கை தவறியிருக்கும், விடுங்கோ" என்றார் என்னிடம்.

"ஆமாம், தவறிடுத்து" என்றேன்.

அதன்பின் கடிதங்கள் வந்தன. உறையைப் பிரிக்காமல் எடுத்து வருவார். "என்ன போட்டிருக்கா?"

"மன்னிக்கவே முடியாதுன்னு போட்டிருக்கா" என்று வாசிப்பேன். நிறுத்தி, நிதானமாக, நல்ல உச்சரிப்புடன். வெளியே போவதை முதலில் விட்டார். பிறகு ஷேவ் செய்துகொள்வதை. பிறகு சாப்பாட்டை. போன மாதம் போய்ச் சேர்ந்தார்.

காரியத்துக்கு வந்த மகள் மாதவிக்கு வங்காளம் படிக்கத் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒன்பது கடிதங்களையும் எடுத்துப் படித்தாள்; மாமி வாசித்துக் காட்டினாள், ஒருத்தரும் மன்னிக்கவில்லை என்று அப்பா போனில் சொல்லியிருந்தாராம். மூன்று நிலையத்திலிருந்து, திரும்பி வாருங்கள் என்று. ஒன்று அந்த ஹவுரா விதவை எழுதியது: அண்ணா, நீங்கள் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

"ஏன் மாமி?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சீட்டை மாற்றியதும் நான்தான், கடிதங்களை மாற்றி வாசித்ததும் நான்தான். அவளிடம் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவரைத் தனியாக விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசி வருஷம் அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். நான் தினமும் போய், இரண்டு பேருக்குமாகப் பேசிவிட்டு வந்தேன்.